பழைய லாரிக்கு எந்த சேசிஸ்?

சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே போகும் நெடுஞ்சாலையில் பல ஆண்டுகள் கண்ணில் பட்ட காட்சி இது. கேபின் கிடையாது, பின்னால் பெட்டி கிடையாது. இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள், முன்னால் இன்ஜின், கீழே சக்கரங்கள், மேலே தற்காலிகமாக ஒரு இருக்கை. முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு டிரைவர் வெயிலிலும் காற்றிலும் அந்த சேசிஸை ஓட்டிப்போவார், நாமக்கல்லிலோ கரூரிலோ பாடி கட்டுவதற்கு. லாரியில் சேசிஸ் வேறு, பாடி வேறு என்பதை இந்தப் பக்கத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழைய லாரியை ஃபோர் வீல் டிரைவாக மாற்றும் ஆசை இங்கிருந்துதான் கிளம்புகிறது. 1950களின் ஃபார்கோவோ செவர்லேவோ கையில் இருக்கிறது. பாடியைத் தூக்கி, நான்கு சக்கரமும் இழுக்கும் வேறொரு வண்டியின் சேசிஸ் மேல் உட்கார வைத்தால் என்ன?

ஆசை வீணானதல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் விழுப்புரம் மாவட்டத்துத் திருவாமாத்தூரைச் சுற்றியுள்ள வயல்வெளியில் வண்டிப்பாதைகள் சேறாகிவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது அதே மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அரசூர் அருகே நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் பாய்ந்தது. சாதாரண லாரியில் இன்ஜினின் பலம் பின்சக்கரங்களுக்கு மட்டுமே போகிறது. அவை சேற்றில் சுழன்றால் வண்டி அதே இடத்தில் நிற்கும். ஃபோர் வீல் வண்டியில் கியர்பாக்ஸுக்கு அடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டி பலத்தை இரண்டாகப் பிரித்து, முன் ஆக்ஸிலுக்கும் ஒரு ஷாஃப்ட் கொடுக்கிறது.

சாதாரண லாரியை ஃபோர் வீலாக்குவதையே தொழிலாகச் செய்த நிறுவனங்கள் உண்டு. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் மார்மன்-ஹெரிங்டன் 1935 முதல் ஃபோர்டு லாரிகளுக்கு முன் ஆக்ஸில் பூட்டி விற்றது. 1950களில் மினியாபொலிஸின் நாப்கோ, செவர்லே லாரிகளுக்கென ஒரு தொகுப்பை விற்றது. சட்டத்தில் நான்கே துளைகள், சுமார் மூன்று மணி நேர வேலை என்பது அதன் விளம்பரம். அதில் இருந்த பாகங்களில் பெரும்பாலானவை செவர்லேவைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸின் பாகங்களே என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. இந்தியாவிலும் இதற்கு நெருங்கிய ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கனடாவிலிருந்து ஃபோர்டு ஃபோர் வீல் சேசிஸ்கள் கப்பலில் வந்தன. அவற்றின் மேல் டாடாநகரில் கவச உடல் கட்டப்பட்டது. அந்த வண்டிகளுக்கு ‘டாடாநகர்’ என்றே பெயர் நிலைத்தது.

சரி, சேசிஸ் தரும் வண்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில் கையில் எடுக்க வேண்டியது டேப். முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடுவரை உள்ள தூரம் வீல்பேஸ். 1947 முதல் 1955 வரை வந்த அரை டன் செவர்லே பிக்கப்பில் அது 116 அங்குலம், அதாவது 2,946 மில்லிமீட்டர். மஹிந்திரா ஸ்கார்ப்பியோவில் 2,680 மட்டுமே. பத்து அங்குலத்துக்கும் மேல் குறைவதால் சட்டத்தை வெட்டி நீட்ட வேண்டிவரும். ஸ்கார்ப்பியோ கெட்அவே பிக்கப்பில் 3,040. வித்தியாசம் நான்கு அங்குலத்துக்குள் வந்துவிடும். ஆனால் அந்த நான்கு அங்குலமும் மட்கார்டு வளைவில் அப்பட்டமாகத் தெரியும். சக்கரம் வளைவின் நடுவில் நிற்காத பழைய லாரியை எந்தக் கண்ணும் உடனே கண்டுபிடித்துவிடும்.

நீளம் பொருந்தினால் போதாது. பழைய லாரிகளில் முன்னால் ஒரே கட்டையான ஆக்ஸில், அதன் மேல் பட்டை ஸ்பிரிங். கெட்அவே, இசுஸு வி-கிராஸ் போன்றவற்றில் முன்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். அந்த அமைப்பு அவற்றின் சொந்தச் சட்டத்துக்கென வார்க்கப்பட்டது. பிரித்தெடுத்துப் பழைய சட்டத்தில் பூட்டுவது பெரும்பாடு. மாருதி ஜிப்சியில் முன்னும் பின்னும் கட்டை ஆக்ஸில்தான். ஆனால் வண்டியே ஏறக்குறைய ஒரு டன் எடை. லாரியின் பாரத்தை அதன் ஆக்ஸில் தாங்காது. ராணுவம் ஏலம் விடும் வண்டிகள் இந்த இடத்தில் உயர்ந்து நிற்கின்றன. ஜபல்பூரில் செய்த நிசான் ஒரு டன், மேன் நிறுவன உரிமத்தில் வந்த சக்திமான் இரண்டுமே பாரத்துக்கென்று பிறந்த ஃபோர் வீல் வண்டிகள்.

அடுத்து, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டியது. முன் ஆக்ஸிலில் டிஃபரன்ஷியல் குண்டு எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறதோ, டிரான்ஸ்ஃபர் கேஸின் முன் ஷாஃப்ட்டும் அந்தப் பக்கமே வெளிவர வேண்டும். வில்லிஸ் ஜீப்பில் இரண்டும் வலப் பக்கம். ஒன்று இடம், ஒன்று வலம் என்றால் ஷாஃப்ட் இன்ஜினுக்கு அடியில் குறுக்கே ஓட வேண்டியிருக்கும். பல் விகிதமும் முன்னும் பின்னும் ஒன்றாக வேண்டும். போர்க்கால வில்லிஸில் இரண்டுமே 4.88, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 4.88 சுற்று. முன்னால் வேறு விகிதம் பூட்டினால் சேற்றில் சக்கரம் வழுக்கிச் சமாளிக்கும். காய்ந்த தார் ரோட்டில் இரண்டு ஆக்ஸிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, பல்லோ ஷாஃப்ட்டோ முறியும்.

இவ்வளவும் பொருந்தினாலும் இந்தியாவில் இன்னொரு அளவுகோல் உண்டு: காகிதம். அரசின் கண்ணில் வண்டியின் அடையாளம் சேசிஸ் நம்பர். ஆய்வின்போது அந்த எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுப்பது வழக்கம். பழைய லாரியின் பாடியை வேறு சேசிஸில் ஏற்றினால் அந்தத் தாளில் வேறு வண்டியின் எண் விழும். 1950களின் ஃபார்கோ, ஆவணத்தில் ஃபார்கோவாக இருக்காது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. மீறினால் திருத்தம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதிகளும் இதையொட்டியே அமைந்தன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத வண்டிக்கு ‘விஏ’ எழுத்துகளோடு தனி நம்பர் கிடைக்கும்; பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

ஆகவே அபூர்வமான ஃபார்கோவை அறுப்பது இழப்பு மட்டுமே. அதை அதன் சொந்த சேசிஸிலேயே பழுது பார்த்து ‘விஏ’ நம்பர் கிடைக்குமா என்று விசாரிப்பது நல்லது. ஃபோர் வீல்தான் வேண்டும் என்பவர் ஆவணங்கள் சரியாக உள்ள ராணுவ ஏல வண்டியையே முழு வண்டியாகத் தேடலாம். இவற்றை மீறியும் மாற்றத்தில் இறங்க நினைப்பவர் நாப்கோவின் வழியைப் பார்க்கட்டும்: பழைய சட்டம் அப்படியே இருக்கும், அதே குடும்பத்து ஃபோர் வீல் வண்டியிலிருந்து ஆக்ஸிலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் மட்டும் வரும். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளையோ வெல்டிங்கோ கூடாது. துளை வேண்டுமென்றால் நடுப்பட்டையில்தான் போட வேண்டும். அந்த முதல் துளைக்கு முன்பே, திட்டத்தை எழுத்தில் எடுத்துக்கொண்டு விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி கிடைக்குமா என்று கேட்டுவிட வேண்டும். மறுத்துவிட்டால், பழைய லாரிக்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது.