அடுக்களையும் ஆடிக் காற்றும்

கம்பம் பள்ளத்தாக்கில் புது வீடு கட்டுகிறவரை அணுகி, "வீட்டைப் பார்க்கலாமா?" என்று கேட்டால், அவர் மிகுந்த உற்சாகத்துடன் நம்மை அழைத்துச் செல்வார். வாசற்படிக்குத் தேக்கு மரம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வார். கூடத்தின் நீள அகலங்களைச் சொல்வார். பூஜை அறையையும் மாடிப்படியையும் நின்று நிதானமாகக் காட்டுவார். கடைசியில் பின்பக்கத்து மூலை ஒன்றை நோக்கிக் கையை நீட்டி, "அது அடுக்களை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். மற்ற அறைகளுக்கெல்லாம் பங்கு போட்டபின் மிஞ்சிய இடம் அதுதான் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

அந்த மிஞ்சிய இடத்திலேதான் அவ்வீட்டுப் பெண்மணி தம் வாழ்நாளில் பெரும் பகுதியைக் கழிக்கப் போகிறார். கூடத்தில் விருந்தினர் ஒரு மணி நேரம் உட்காருவார்கள். அடுப்பருகில் அவர் நாள்தோறும் நாலைந்து மணி நேரம் நிற்க வேண்டும். இது வெறும் சௌகரியத்தைப் பற்றிய விஷயம் அன்று. உயிரைப் பற்றிய விஷயம். வீட்டுக்குள் எரியும் விறகு, வறட்டி, கரி, மண்ணெண்ணெய் இவற்றின் புகையினால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. யுத்தத்தில் இத்தனை பேர் மடிந்தால் உலகமே அலறியிருக்கும். அடுக்களையில் மடிந்ததால் யாரும் அலறவில்லை.

நம் தேசத்துப் பெரியோர் இதைக் கவனியாமல் இருந்துவிடவில்லை. 1934-இல் காந்தியடிகளின் ஆதரவில் வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் ஏற்பட்டபோது, அதை நடத்தும் பொறுப்பை ஏற்றவர் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா. எண்ணெய்ச் செக்கு, காகிதம், கைக்குத்தல் அரிசி இவற்றோடு, புகையற்ற அடுப்பையும் அச்சங்கத்தார் ஆராய்ந்தார்கள். அங்கே உருவான 'மகன் சூலா' என்ற மண் அடுப்பு, புகையைக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே அனுப்பியது. குமரப்பா தமது இறுதிக் காலத்தை நம் பள்ளத்தாக்கிற்கு அதிகத் தொலைவில் இல்லாத தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து, 1960-ஆம் வருஷம் ஜனவரி 30-ஆம் தேதி மதுரையில் காலமானார். ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு என்ற பொறியியல் வல்லுநரும் இதே வழியில் உழைத்து, கோடிக்கணக்கான எளிய மக்களுக்குப் புகையற்ற அடுக்களை வேண்டும் என்று 1953-இல் ஒரு நூலே வெளியிட்டார்.

பின்னர் 1980-களில் தொடங்கி மத்திய சர்க்கார் நாடெங்கும் கோடிக்கணக்கான மேம்பட்ட அடுப்புகளை அமைத்தது. அவற்றுள் பல சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. புகைபோக்கியில் கரி அடைத்தது. விரிசலைப் பூச ஆளில்லை. அடுப்பைக் கொடுத்தால் மட்டும் போதாது. அதில் சமைப்பவருடைய பழக்கத்திற்கு அது ஒத்திருக்க வேண்டும், பழுதானால் அவரே சரி செய்யக் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பதே அந்தத் திட்டம் நமக்குப் புகட்டிய பாடம்.

மேல்நாட்டிலும் இதைப் பற்றி யோசித்தவர்கள் உண்டு. வியன்னாவில் பிறந்த மார்கரெத்தே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் சிற்பி, 1926-இல் பிராங்பர்ட் நகரத் தொழிலாளர் வீடுகளுக்காக ஓர் அடுக்களையை வகுத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அவ்வளவே. ரயில் வண்டியின் உணவுப் பெட்டியில் சமையற்காரன் நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் எடுப்பது போல, இங்கும் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. சுமார் 10,000 வீடுகளில் அது அமைந்தது. இந்த அம்மையார் பின்னர் நாஜி ஆட்சியை எதிர்த்து வேலை செய்ததற்காக 1941-இல் கைதாகிச் சிறைவாசம் அனுபவித்தவர். 2000-ஆம் ஆண்டு வரை, ஏறக்குறைய 103 வயது வாழ்ந்தார்.

அந்த அடுக்களையை அப்படியே இங்கே இறக்குமதி செய்யலாமா? கூடாது என்பதே நம் கருத்து. அது ஒருவர் மட்டும் நிற்கும் அடுக்களை. நம் வீட்டிலோ மாமியார் காய் நறுக்க, மருமகள் தாளிக்க, இடையில் குழந்தை வந்து அப்பளம் கேட்கும். ஆகவே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் அளவையன்று, அதன் கணக்கையே. அந்தக் கணக்கை நம் ஊர்க் காற்றோடும் வெயிலோடும் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, திசை. கம்பத்திலிருந்து தேனி வரையில் வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை மேற்குக் காற்று ஓயாமல் வீசும். ஆண்டிப்பட்டி, கண்டமனூர்ப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளே அதற்குச் சாட்சி. அடுக்களை மேற்கே இருந்தால், அந்த மாதங்களில் புகையும் தாளிப்பு நெடியும் வீடு முழுவதையும் சுற்றி வரும். கிழக்கிலோ தென்கிழக்கிலோ இருந்தால், காற்று அவற்றை வீட்டுக்கு வெளியே தள்ளிவிடும். அக்கினி மூலையில் அடுப்பு வைக்க வேண்டும் என்று முன்னோர் சொன்னது இந்தப் பள்ளத்தாக்கிற்கு நன்றாகவே பொருந்துகிறது. காலை வெயில் உள்ளே வரும். பிற்பகல் வெயிலின் சூடு சுவரில் ஏறாது.

இரண்டாவது, அளவு. தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி, சாப்பிடும் இடம் தனியாக இருந்தால் அடுக்களை 5 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 54 சதுர அடிக்குக் குறையக் கூடாது, அகலம் 1.8 மீட்டர், ஏறக்குறைய 6 அடி, இருக்க வேண்டும். இது குறைந்தபட்சம். இருவர் சேர்ந்து வேலை செய்யும் வீட்டிற்கு 9 அடிக்கு 8 அடி இருந்தால் நெருக்கடி இராது. ஒரு சதுர மீட்டருக்குக் குறையாத ஜன்னல் வெளிப்புறம் நோக்கித் திறக்க வேண்டும்.

மூன்றாவது, வேலையின் வரிசை. தானியமும் காய்கறியும் வைக்கும் இடம், கழுவும் தொட்டி, நறுக்கும் இடம், அடுப்பு, பரிமாறும் வாசல் என்ற ஒழுங்கில் எல்லாம் அமையட்டும். சாமான் அலமாரி, தொட்டி, அடுப்பு மூன்றையும் ஒரு முக்கோணமாகக் கற்பனை செய்து, அதன் மூன்று பக்கங்களையும் கூட்டினால் 26 அடிக்கு மேற்படலாகாது என்பது அமெரிக்க நிபுணர்கள் 1940-களில் வகுத்த விதி. அந்த முக்கோணத்தின் குறுக்கே கொல்லைக்குப் போகும் பாதை செல்லக் கூடாது. கொதிக்கும் குழம்போடு திரும்புகிறவர்மீது யாரும் வந்து மோதாதிருப்பதற்கு இதுவே வழி.

நான்காவது, மேடையின் உயரம். கொத்தனார் தம் வழக்கப்படி ஓர் உயரம் வைத்துவிடுவார். முதுகு வலிப்பது அவருக்கு அன்று. சமைப்பவரை நேராக நிற்கச் செய்து, முழங்கையை மடக்கச் சொல்லி, முழங்கைக்கு 4 அங்குலம் கீழே கோடு போடுங்கள். அதுதான் நறுக்கும் மேடையின் உயரம். ஐந்தடிப் பெண்மணிக்கு அது 33, 34 அங்குலம் வரும். காஸ் அடுப்புக்குத் தனி உயரம் இருப்பதால், அதை வைக்கும் இடம் இன்னும் சற்றுத் தாழ்வாக இருக்கட்டும். குனிந்தோ எக்கியோ செய்யும் வேலை முப்பது வருஷத்தில் என்ன செய்யும் என்பதை வீட்டிலுள்ள பாட்டிமாரைக் கேட்டால் தெரியும்.

ஐந்தாவது, நெருப்பு. காஸ் சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும்; அடுப்பு அதற்கு மேலான மட்டத்தில் இருக்க வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே மேலே ஜன்னல் வைத்ததோடு நில்லாமல், தரையை ஒட்டியும் ஒரு காற்றுத் துவாரம் வையுங்கள். கசிவு வாசனை வந்தால் மின் விசையைத் தொடாமல், கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து, 1906 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆடிக் காற்று சுடரை அணைத்துவிடாதபடி, ஜன்னலுக்கு நேராக அடுப்பை வைக்காமலிருப்பதும் அவசியம்.

காஸ் வந்த பின்னும் நம் பள்ளத்தாக்கில் விறகு அடுப்பு அடியோடு ஒழிந்துவிடவில்லை. தென்னை மட்டையும் பருத்திமாரும் தோட்டத்தில் சும்மா கிடைக்கும்போது, வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் அவற்றை எரிக்கத்தான் செய்வார்கள். அதை மறைத்து வரைபடம் போடுவதால் பயனில்லை. பின் தாழ்வாரத்தில் அதற்கென்று ஓரிடம் ஒதுக்கி, புகைபோக்கியோடு அடுப்புக் கட்டிவிடுங்கள். புகைபோக்கி கூரை முகட்டுக்கு மேலே எழும்ப வேண்டும். தாழ்ந்திருந்தால் காற்று புகையைத் திருப்பி உள்ளேயே அனுப்பும். மாதம் ஒருமுறை கரியைத் தட்டிவிட வசதியாக அடியில் ஒரு சிறு மூடியும் இருக்கட்டும்.

பழைய வீட்டைத் திருத்துகிறவர்கள் இவை எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்ய இயலாமற் போகலாம். அவர்கள் முதலில் புகைக்கும் காற்றுக்கும் வழி செய்யட்டும். அடுத்து மேடையின் உயரம். அலமாரியும் பளபளப்பும் பிறகு வரலாம்.

கடைசியாக ஒரு யோசனை. அஸ்திவாரம் தோண்டுமுன், மனையில் சுண்ணாம்புப் பொடியால் அடுக்களையைக் கோடு போட்டு வரையுங்கள். அடுப்பு இருக்குமிடத்தில் ஒரு செங்கல்லும், தொட்டிக்கு ஒரு செங்கல்லும், அலமாரிக்கு ஒரு செங்கல்லும் வையுங்கள். பிறகு வீட்டுப் பெண்மணியை அழைத்து, ஒரு வேளைச் சமையலைச் செய்வது போல அங்கே நடந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கே அவர் கால் தயங்குகிறதோ அங்கே கோட்டை அழித்து மாற்றுங்கள். சுவர் எழும்பிய பின் மாற்றப் பணம் வேண்டும். இப்போது ஒரு பிடி சுண்ணாம்பு போதும்.

சுயராஜ்யம் நமக்கு 1947-இல் வந்தது. கண்ணில் நீர் வழிய ஊதுகுழலை ஊதிக் கொண்டிருக்கும் நம் தாய்மாரிடம் அது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. புது வீடு கட்டுகிற ஒவ்வொருவரும் அதை ஓர் அறையளவேனும் கொண்டு வந்து சேர்க்கலாம்.