தெளிந்த நீரும் கலங்கிய நீரும்

திருத்தணிக்கு மேற்கே ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஆர்.கே.பேட்டை நெசவாளரின் ஊர். தெருவினுள் நுழைவோர் முதலில் கேட்பது விசைத்தறிகளின் ஓசையே. 1960ஆம் ஆண்டில் திருத்தணிப் பகுதி சித்தூர் மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்டு அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. எல்லைக்கோடு மொழியைக் கருதி வரையப்பட்டது; ஆறு அக்கோட்டைப் பொருட்படுத்தவில்லை. ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணையில் தேங்கும் கொசஸ்தலையாற்று நீர் பள்ளிப்பட்டு வழியாக இறங்கி, 1944இல் அமைக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தைச் சேர்ந்து சென்னை மக்களுக்குக் குடிநீராகிறது. 2021ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அணை திறக்கப்பட்டபோது பள்ளிப்பட்டின் தரைப்பாலங்கள் மூழ்கின. மறு ஆண்டில் இவ்வாற்றின் குறுக்கே மேலும் இரு நீர்த்தேக்கங்கள் அமைக்க ஆந்திர அரசு முற்பட்டபோது, தமிழக முதல்வர் ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார். மழைக்காலத்தில் நீர் மிகுதியென்றும் கோடையில் நீர் இல்லையென்றும் ஒரே ஆற்றைக் குறித்து இரு முறையீடுகளை இவ்வட்டார மக்கள் அறிவர்.

பூண்டிக்கு நீர் வந்து சேரும் வழி இன்னொன்றும் உண்டு. வாலாஜாவிற்கு அருகில் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பாலாற்று அணைக்கட்டினின்று கால்வாய் வழியாகக் காவேரிப்பாக்கம் ஏரி நிரம்புகிறது. அந்த ஏரியின் உபரிநீர் கொசஸ்தலையாற்றில் கலக்கிறது. ஆதலால் பாலாற்றுக்கு நேர்ந்தது யாதென அறிவது கொசஸ்தலைக் கரையில் ஊழியம் செய்வோருக்கு அயலார் காரியமன்று. ஆர்.கே.பேட்டையினின்று தெற்கே சோளிங்கர் வழியாகச் சென்றால் அவ்வாற்றங்கரையின் இராணிப்பேட்டையை அடைந்துவிடலாம்.

அங்கே நாம் காண்பது தோல் பதனிடும் தொழில். அது ஏற்றுமதியால் நாட்டுக்கு அந்நியச் செலாவணியையும் பல்லாயிரம் குடும்பங்களுக்குக் கூலியையும் தந்தது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறதென்றும், தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற்போயிற்றென்றும் உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் வழங்கிய அத்தீர்ப்பு, நீடித்து நிலைக்கும் வளர்ச்சி என்னும் கருத்தை இந்தியச் சட்டத்தின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டது. கேடு உறுதிப்படும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்கவேண்டும் என்பது ஒன்று. மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்பது மற்றொன்று. அந்த ஈடு, பாதிக்கப்பட்டோருக்குரிய தொகையோடு முடிவதன்று. கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் சீர்ப்படுத்தும் செலவும் அதில் அடங்கும் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

நடந்தது யாது? தீர்ப்பின்படி அமைக்கப்பட்ட ஆணையம் 2001இல் வேலூர் மாவட்டத்தில் 29,000க்கும் மேற்பட்டோருக்கு 26 கோடி ரூபாய்க்குச் சற்று அதிகமான இழப்பீட்டை நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாகப் பத்தாயிரம் ரூபாயும் தேறாது. ஒரு கிணற்றின் விலை அதுவா என்று எவரும் கேட்கலாம். சீர்ப்படுத்தும் பணியோ பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. 2015 சனவரி இறுதியில் இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் கழிவுச் சேற்றில் மாண்டனர். பிழைப்புத் தேடி மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களே அவர்களில் பெரும்பாலோர்.

‘நீடித்து நிலைக்கும்’ என்னும் சொல்லைப் பற்றி இங்கே சிறிது கூறவேண்டும். 1987இல் வெளிவந்த பிரண்ட்லாண்டு குழுவின் அறிக்கையால் அது உலகெங்கும் பரவியது. ஆயினும் அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1974இல் புக்காரஸ்டில் உலகத் திருச்சபைகள் மன்றம் கூட்டிய ஆலோசனையில் நீடித்து நிலைக்கும் சமுதாயம் என்னும் கருத்து விவாதிக்கப்பட்டது. 1975ஆம் ஆண்டு நைரோபி பேரவையைத் தொடர்ந்து அதனோடு நீதியும் மக்கள் பங்கேற்பும் இணைக்கப்பட்டன. இதைப் பெருமைக்காக நாம் எழுதவில்லை. முந்திப் பேசிய நாமே செயலில் பிந்தினோம் என்பதற்காகவே எழுதுகிறோம்.

இனி எசேக்கியேல் 34ஆம் அதிகாரத்திற்கு வருவோம். குருத்துவ அருட்பொழிவு ஆராதனைகளில் இவ்வதிகாரத்தின் முதற்பகுதியை நாம் அடிக்கடி வாசிக்கிறோம்; தங்களையே மேய்த்துக்கொள்ளும் மேய்ப்பர்களைக் கண்டிக்கும் பகுதி அது. 17ஆம் வசனத்திலிருந்து தீர்க்கதரிசி மேய்ப்பர்களை விட்டுவிட்டு மந்தையை நோக்கித் திரும்புவதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. அங்கே குற்றஞ்சாட்டப்படுபவை கொழுத்த ஆடுகள். அவை குடித்ததற்காகக் கண்டிக்கப்படவில்லை. நல்ல மேய்ச்சலும் நீரும் அவற்றுக்கும் உரியனவே. தாம் குடித்தபின் எஞ்சியதைக் காலால் கலக்கி, மெலிந்தவை அதையே குடிக்கும்படி விட்டதுதான் குற்றம். தெளிந்த நீரைக் குறிக்க மூலமொழியில் வரும் ‘மிஷ்கா’ என்னும் சொல், அமிழ்தல், கீழே படிதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. வண்டல் அடியில் தங்கியதால் தெளிந்த நீர் அது. அது தெளியக் காலம் வேண்டும். கலக்குவதற்கு ஒரு கணம் போதும். நிலத்தடி நீரைக் குறித்து இன்று அறிவியலார் கூறுவதும் இதுவே. நிலத்தினுள் இறங்கிய உப்பும் குரோமியமும் ஒரு தலைமுறைக்குள் அகல்வதில்லை.

இவ்வசனத்தில் நம்மை உறுத்துவது இன்னொன்று: கலக்கிய ஆடும் கலங்கியதைக் குடித்த ஆடும் ஒரே மந்தையைச் சேர்ந்தவை. பாலாற்றங்கரைச் சபை ஒன்றில் தோல் தொழிற்சாலையில் கூலி பெறுபவரும் கிணறு கெட்டுப்போன உழவரும் ஒரே இருக்கையில் அமர்ந்திருக்கக்கூடும். தொழிற்சாலையை மூடு என்று பிரசங்கிப்பது எளிது. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் திருப்பூரில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யல் ஆற்றுக்கும் கீழ்ப்பகுதி உழவருக்கும் அது நியாயமே; ஆனால் மறுவாரமே கூலியின்றி நின்றவர் பட்டறை முதலாளியல்லர். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவைத் துணியின் விலையிலிருந்தே தொடக்கத்தில் எடுத்திருந்தால், அதைக் கடைசியில் தொழிலாளி தன் வேலையாலும் உழவர் தம் வயலாலும் செலுத்த நேர்ந்திராது. வெளிநாட்டில் மலிவாக விற்கப்பட்ட அத்துணியின் மலிவுக்கு உண்மையில் விலை கொடுத்தவர் யாரென்று நம் இறையியல் மாணவர் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். அவ்வகைக் கணக்கும் நெறியியலில் ஒரு பாடமே.

2025 சனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பாலாற்று வழக்கில் மீண்டும் தீர்ப்பளித்தது. இன்னும் இழப்பீடு பெறாதோருக்கு அரசே முதலில் கொடுத்து, பின்பு அதை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்கவேண்டும். நேர்ந்த கேடு நீங்கும்வரை அவர்களுடைய பொறுப்பும் நீங்காது. பணிகளை மேற்பார்வையிட உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதியின் தலைமையில் குழு அமையவேண்டும் என்பன அதன் சாரம். முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள் சென்றுவிட்டன. 1996இல் நடுவயதிலிருந்த உழவர் பலர் இதைக் கேட்க உயிரோடில்லை.

ஆர்.கே.பேட்டை இராணிப்பேட்டையன்று; நெசவு தோல் தொழிலைப்போல் நீரைக் கெடுப்பதுமன்று. ஆயினும் தறிக்கு வரும் நூல் எங்கோ ஓரிடத்தில் சாயமேற்றப்பட்டே வருகிறது. அந்தச் சாயநீர் எந்த ஓடையில் விடப்படுகிறது, அந்த ஓடை எந்த ஏரியைச் சேர்கிறது என்பன, நெசவாளர் வாழும் ஊரில் ஊழியம் செய்யும் ஆயர் தம் சபையாரோடு நடந்தே சென்று கண்டறியக்கூடியவை. எசேக்கியேலின் இப்பகுதியை அங்கே வேதபாடமாக நடத்த விரும்புவோர், அந்த நடைக்குப் பின் நடத்துவது நலம்.