பொதுச் சுகாதாரப் படிப்பு: சம்பளமும் கடனும்

நோயாளி குணமடைந்தால் வைத்தியருக்கு நன்றி சொல்கின்றோம். நோயே வராவிட்டால் எவருக்கும் நன்றி சொல்வதில்லை. கிணற்றுக்குக் குளோரின் இடுபவர், தடுப்பூசிப் பதிவேட்டைப் பேணுபவர், நோய் எங்கிருந்து கிளம்பியது என்று தேடுபவர் ஆகியோரின் உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. இவ்வுழைப்புக்குச் சம்பளம் தருவோர் பெரும்பாலும் அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களுமே. எனவே அச்சம்பளம் ஓர் அளவுக்கு மேல் உயர்வதில்லை. படிப்புச் செலவோ அந்த அளவைப் பார்த்து நிற்பதில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைக் கடனே நிரப்புகின்றது.

இந்நிலை மிகத் தெளிவாகத் தெரியும் நாடு ஐக்கிய அமெரிக்கா. எமது இளைஞர் சிலரும் அங்கு சென்று பொதுச் சுகாதார முதுமாணிப் பட்டம் பெற விரும்புகின்றனர். எனவே அந்நாட்டுக் கணக்கை இங்கு சற்று விரிவாகப் பார்ப்போம்.

வருமானம்

அமெரிக்கத் தொழிற் புள்ளிவிபரப் பணியகத்தின் 2023 மே மாதக் கணக்கின்படி, தொற்றுநோயியலாளரின் இடைய ஆண்டுச் சம்பளம் 81,390 டொலர். சுகாதாரக் கல்வி அலுவலருக்கு இது 62,860 டொலர். சமூக சுகாதாரப் பணியாளருக்கு 48,200 டொலர். இடையம் என்றால் பாதிப்பேர் அதற்குக் குறைவாகவே பெறுகின்றனர் என்பது பொருள். புதிதாக வேலையில் சேருபவர் பெரும்பாலும் அந்தக் கீழ்ப் பாதியிலேயே இருப்பார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இம்மூன்றில் முதலாவது வேலைக்கே பொதுவாக முதுமாணிப் பட்டம் கேட்கப்படுகின்றது. மற்ற இரண்டிலும் அப்பட்டம் இல்லாமலே சேரலாம். பெருங்கடன் பட்டுப் பட்டம் பெற்றவர், அப்பட்டம் தேவைப்படாத வேலையில் அமர நேரிடுவதும் உண்டு.

கடன்

ஒருவர் 60,000 டொலர் கடன்பட்டார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 8. 2024-25 இல் பட்டமேற்படிப்புக்கான அமெரிக்க மத்திய அரசின் கடன் வட்டி 8.08 வீதமாக இருந்ததால் இது கற்பனைத் தொகை அல்ல. பத்து ஆண்டுகளில் தீர்ப்பதாயின் மாதத் தவணை ஏறத்தாழ 728 டொலர். மொத்தமாகக் கட்டுவது 87,000 டொலருக்கு மேல். 62,860 டொலர் சம்பளம் பெறுபவருக்கு, வரி கழிப்பதற்கு முன்னரே சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கு இதற்குப் போய்விடும்.

தவணை பெரிதென்று 25 ஆண்டுகளுக்கு நீட்டினால் மாதத்துக்கு 463 டொலர் மட்டுமே. பாரம் குறைந்தது போலத் தோன்றும். ஆனால் மொத்தத் தொகை ஏறத்தாழ 139,000 டொலராகிவிடும். அடகு வைத்த நகையை மீட்காமல் வட்டியை மட்டும் கட்டி வருபவரின் நிலையை அறிந்த எமது வாசகர்களுக்கு இது புதிதல்ல. மேலும், இக்கடனுக்குப் படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.

சலுகையும் நிபந்தனையும்

அரசாங்கத்திலோ இலாப நோக்கற்ற நிறுவனத்திலோ முழுநேரம் பணிபுரிந்து 120 மாதத் தவணைகளை ஒழுங்காகக் கட்டியவரின் எஞ்சிய கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அமெரிக்கா 2007 இல் கொண்டுவந்தது. பொதுச் சுகாதாரப் பணியாளருக்கு இது பெரும் ஆறுதல். ஆயினும் 2017 இல் முதலாவது தொகுதியினர் விண்ணப்பித்தபோது, தவறான கடன் வகை, தவறான தவணைத் திட்டம் போன்ற காரணங்களால் மிகப் பெரும்பாலானோர் நிராகரிக்கப்பட்டனர். 2021 இல் விதிகள் தளர்த்தப்பட்ட பின்னரே நிலைமை மாறியது. 2025 தொடக்கத்தில் தள்ளுபடி பெற்றோர் பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்தனர்.

2025 யூலை 4 ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட சட்டம், பட்டமேற்படிப்புக்கான அரச கடனுக்கு எல்லை வகுத்தது. 2026 யூலை 1 முதல் புதிதாகக் கடன்படுவோருக்கு ஆண்டுக்கு 20,500 டொலரும் மொத்தமாக 100,000 டொலருமே உச்சம். மருத்துவம், சட்டம் போன்ற தொழில்சார் பட்டங்களுக்கு ஆண்டுக்கு 50,000 டொலர் வரை உண்டு. 2025 நவம்பரில் வெளிவந்த வரைவுப் பட்டியலில் இறையியல் இடம்பெற்றது. பொதுச் சுகாதாரம் இடம்பெறவில்லை. எல்லைக்கு மேற்பட்ட செலவுக்குத் தனியார் வங்கியை நாடுவோருக்கு மேற்கூறிய தள்ளுபடி கிடையாது.

வேலையும் நிச்சயமில்லை. 2025 மார்ச்சில் அமெரிக்கச் சுகாதாரத் திணைக்களம் ஏறத்தாழ 10,000 பணியாளரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது.

எமது நாட்டு வழி

1916 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரக் கல்லூரி அமைய நிதி வழங்கிய ரொக்பெல்லர் மன்றமே, பத்து ஆண்டுகளின் பின் களுத்துறையில் எமது முதலாவது சுகாதாரப் பிரிவு அமையவும் துணைநின்றது. இங்கு பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல உத்தியோகத்தரும் அரச செலவில், கொடுப்பனவு பெற்றே பயிற்றப்பட்டனர். சம்பளம் சிறிதாயினும் அவர்கள் கடனின்றிப் பணியைத் தொடங்கினர். தாய் சேய் மரணத்தை நாம் குறைத்ததில் இவர்களின் பங்கு பெரிது.

வெளிநாடு செல்ல நினைப்போருக்கு

1. அமெரிக்க அரச கடன் வெளிநாட்டு மாணவருக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. எனவே காணி ஈடும் தனியார் கடனுமே மிஞ்சும். முதலில் புலமைப்பரிசிலைத் தேடுங்கள்.

2. மொத்தக் கடன், முதலாவது ஆண்டில் கிடைக்கக்கூடிய சம்பளத்தைத் தாண்டக் கூடாது. நாடு திரும்புவதாயின் இங்கு கிடைக்கும் ரூபாச் சம்பளத்தை வைத்தே கணக்கிடுங்கள்.

3. நாணய மாற்றத்தை மறவாதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவானது. 20,000 டொலர் கட்டணம் 40 இலட்சத்திலிருந்து 72 இலட்சமாக உயர்ந்தது.

4. நீங்கள் விரும்பும் வேலைக்கு அப்பட்டம் உண்மையில் தேவையா என்று அவ்வேலையில் உள்ளவரிடமே கேளுங்கள்.

கடன் பெரிதானால் பட்டதாரி பணியைத் தெரிவு செய்வதில்லை. தவணையே தெரிவு செய்கின்றது. அவர் கிராமத்தை விட்டுக் கூடுதலாகச் சம்பளம் தரும் கம்பனிக்குப் போவார். அவரைக் குறைகூறிப் பயனில்லை. நோய் வராமல் காப்பதன் பயன் ஊர் முழுவதற்கும் சேருகின்றது. அதற்கான படிப்பின் செலவை ஒரு குடும்பத்தின் காணி உறுதி மட்டும் தாங்குவது நியாயமாகாது. இலவசப் பயிற்சியைப் பேணிக்காப்பதும் விரிவாக்குவதும் எமது கிராமங்களின் சுகாதாரத்தைப் பேணுவதன் ஒரு பகுதியே என நாம் கருதுகின்றோம்.