நடுக்கடலில் விட்டு விட்டு நின்றுபோகும் படகு என்ஜின்: கோளாறு எங்கே ஒளிந்திருக்கிறது?

அக்காள்மடம்:-

நடுக்கடலில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் படகு என்ஜின் திடீரென்று நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் போராடினால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. அரை மணி நேரம் ஓடுகிறது. திரும்பவும் நிற்கிறது. ஒருவழியாக கரைக்கு வந்து மெக்கானிக்கை கூப்பிட்டு காட்டினால், அவர் முன்னாடி ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடி மானத்தை வாங்குகிறது. "என்ஜின் நல்லாத்தானே இருக்கு அண்ணே" என்று கையை துடைத்துக்கொண்டு அவர் போய்விடுவார். மறுநாள் கடலுக்கு போனால் அதே கதை.

பாம்பன், அக்காள்மடம், தங்கச்சிமடம் பக்கம் இந்த தொல்லை தெரியாத படகுக்காரர் இருக்க மாட்டார். ஒரேயடியாக படுத்துவிட்ட என்ஜினை சரி செய்வது சுலபம். உடைந்த சாமான் கண்ணுக்கு தெரியும். விட்டு விட்டு நிற்கிற என்ஜின்தான் ஆளை அலைக்கழிக்கும். பில்டரை மாற்றுவார்கள். நாசிலை மாற்றுவார்கள். பம்பை கழற்றி கடைக்கு கொடுப்பார்கள். பணம் போகும், கோளாறு போகாது.

எல்லை தாண்டும் ஆபத்து

லாரி ரோட்டில் நின்றால் நாலு பேர் சேர்ந்து ஓரமாக தள்ளிவிடலாம். படகுக்கு அந்த வசதி கிடையாது. 1974-ம் ஆண்டு ஒப்பந்தத்தில் கச்சத்தீவு இலங்கை வசம் போனது. பாக் நீரிணையில் எல்லைக்கோடு வந்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் என்ஜின் நின்ற படகு கிழக்கு பக்கமாகத்தான் இழுத்துக்கொண்டு போகும். அந்த பக்கம்தான் எல்லையும் இருக்கிறது.

எல்லை தாண்டி பிடிபட்டால் என்ன ஆகும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு சொல்ல வேண்டியதில்லை. 2018-ம் ஆண்டு இலங்கை தனது சட்டத்தை திருத்தி, வெளிநாட்டு படகுகளுக்கான அபராதத்தை பல மடங்கு உயர்த்தியது. என்ஜின் பழுதாகித்தான் வந்தோம் என்று சொன்னாலும், அதை நிரூபித்து வெளியே வருவதற்குள் குடும்பம் தவித்துப்போகும். படகு திரும்பி வருமா என்பது அடுத்த கேள்வி.

அதனால் என்ஜின் நின்றதும் முதல் வேலை ஸ்பேனரை தேடுவது அல்ல. நங்கூரத்தை போடுவதுதான். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். நங்கூரம் தரையை பிடிக்கும். படகு நகராது என்று தெரிந்த பிறகு நிதானமாக என்ஜினை பார்க்கலாம்.

டீசல் என்ஜினுக்கு என்ன வேண்டும்?

டீசல் என்ஜினில் பிளக் கிடையாது, காயில் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை பிஸ்டன் நெருக்கும்போது அது கொதிக்கிற சூடாகும். அந்த நேரத்தில் நாசில் வழியாக டீசல் பீச்சும். தீப்பிடிக்கும். அவ்வளவுதான். பழைய மாடல் என்ஜின் ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் பேட்டரியை கழற்றினாலும் ஓடும்.

ஆகவே சந்தேகப்பட வேண்டியது முக்கியமாக ஒன்றைத்தான். டீசல் ஒழுங்காக போய் சேருகிறதா?

என்ஜின் எப்படி நின்றது என்பதை கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். சத்தம் ஏறி இறங்கி, தள்ளாடி, சக்தி குறைந்து நின்றால் டீசல் வரத்து குறைந்திருக்கிறது. சுவிட்சை அணைத்த மாதிரி டக்கென்று நின்றால் வேறு விஷயம், அதை பிறகு பார்ப்போம். கரும்புகை கக்கிவிட்டு நின்றால் பாரம் தாங்கவில்லை. புரொப்பல்லரில் வலையோ கயிறோ சுற்றியிருக்கும். மறுபடி ஸ்டார்ட் செய்து சுற்றும்போது சைலன்சரில் கொஞ்சம் கூட புகை வராவிட்டால், டீசல் சிலிண்டருக்குள் போகவே இல்லை என்று அர்த்தம்.

ஒழுகாத ஓட்டை

இப்போது முக்கிய விஷயத்துக்கு வருவோம். டேங்கில் இருந்து டீசலை பீட் பம்பு உறிஞ்சுகிறது. பிறகு பில்டர் வழியாக பெரிய பம்புக்கு தள்ளுகிறது. பீட் பம்புக்கு அந்த பக்கம் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகும், கண்டுபிடித்துவிடலாம். டேங்குக்கும் பீட் பம்புக்கும் நடுவில் ஓட்டை இருந்தால்? அங்கே உறிஞ்சும் வேலை நடக்கிறது. அதனால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஸ்ட்ரா கிழிந்திருந்தால் இளநீர் குடிக்கும்போது நடப்பது மாதிரி.

ஹோஸ் வெளியே காய்ந்து சுத்தமாக இருக்கும். மெக்கானிக் தடவிப்பார்த்து ஈரம் இல்லை என்று விட்டுவிடுவார். உள்ளே போன காற்று கொஞ்சம் கொஞ்சமாக சேர்ந்து, ஒரு நேரத்தில் பம்பை அடைத்து என்ஜினை நிறுத்தும். இதைத்தான் 'ஏர் பிடிச்சிருச்சு' என்கிறார்கள். ஏர் எடுத்துவிட்டால் ஓடும். ஆனால் காற்று எங்கே இருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காதவரை அது திரும்ப வந்துகொண்டேதான் இருக்கும்.

இதற்கு ஒரு சோதனை உண்டு. கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் இருக்கிறதே, அதில் ஒரு முழம் வெட்டி, பீட் பம்புக்கு சற்று முன்னால் ஹோசுக்கு பதிலாக மாட்ட வேண்டும். என்ஜின் ஓடும்போது டியூபில் பார்த்தால் தெரிந்துவிடும். டீசல் மட்டும் ஓடினால் சரி. முத்து முத்தாக குமிழி போனால் காற்று புகுகிறது. பிறகு ஒவ்வொரு இணைப்பாக கிரீசை அப்பிக்கொண்டே வர வேண்டும். எந்த இணைப்பில் கிரீஸ் வைத்ததும் குமிழி நிற்கிறதோ அங்கேதான் ஓட்டை. பெரும்பாலும் துருப்பிடித்த கிளிப், வெடித்த ஹோஸ், அல்லது பத்து தடவை கழற்றி மாட்டிய அதே பழைய செம்பு வாஷராக இருக்கும். நாலு ரூபாய் சாமானுக்காக நாற்பதாயிரம் ரூபாய் பம்பை கழற்றுகிற கொடுமை இப்படித்தான் நடக்கிறது. சோதனை முடிந்ததும் லெவல் டியூபை எடுத்துவிட வேண்டும். டீசலில் ஊறினால் அது விறைத்து வெடித்துவிடும்.

கேன் வைத்தியம்

குமிழியும் இல்லை, ஆனாலும் நிற்கிறது என்றால் அடுத்தது கேன். ஒரு கேனில் சுத்தமான டீசல் எடுத்து, புது ஹோஸ் போட்டு நேராக பீட் பம்பில் கொடுக்க வேண்டும். ரிட்டர்ன் ஹோசையும் அதே கேனில் விட வேண்டும். கேன் கவிழாமல் கட்டி, சைலன்சர் சூடு படாமல் வைக்க வேண்டும். பக்கத்தில் பீடி பற்றவைக்கிற ஆளை தூர அனுப்பிவிடுங்கள்.

இந்த கேனோடு கடலுக்கு போய் ஓட்டிப்பார்க்க வேண்டும். கரையில் ஓட்டினால் பிரயோஜனம் இல்லை. வழக்கமாக நிற்கிற நேரத்தை தாண்டியும் ஓடினால் என்ஜின் மேல் குற்றம் இல்லை. டேங்க், டேங்கில் இருந்து வரும் ஹோஸ், இந்த இரண்டில்தான் கோளாறு. கேனிலும் நின்றால் டேங்கை விட்டுவிட்டு பீட் பம்பு, பில்டர், பெரிய பம்பு பக்கம் தேடலாம். ஒரே நாளில் தேட வேண்டிய இடம் பாதியாக குறைந்துவிடும். ஒன்றை மாற்றினால் ஓட்டிப்பார்த்த பிறகுதான் அடுத்ததை தொட வேண்டும். நாலு சாமானை ஒன்றாக மாற்றினால், எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

டேங்கில் என்ன இருக்கிறது?

கரையில் ஓடுகிற என்ஜின் கடலில் மட்டும் ஏன் நிற்கிறது? பதில் டேங்கின் அடியில் இருக்கும். டேங்க் பாதி காலியாக கிடந்தால், ஈரக்காற்று ராத்திரி குளிரில் தண்ணீராகி உள்ளே வடியும். டீசலை விட தண்ணீர் கனம். அடியில் போய் தங்கும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து கருப்பாக சளி மாதிரி கட்டும். கரையில் படகு அசையாது, எல்லாம் அடியிலேயே கிடக்கும். கடலில் அலை குலுக்கியதும் கிளம்பி வந்து குழாய் வாயை அடைக்கும். என்ஜின் நின்றதும் மெல்ல கீழே இறங்கிவிடும். அதனால்தான் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது. பேய் பிடித்த என்ஜின் என்று சொல்லப்படுவதில் பல இந்த வகைதான்.

டேங்கின் அடியில் இருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் டீசல் பிடித்து ராத்திரி முழுக்க வையுங்கள். தண்ணீர் இருந்தால் காலையில் கீழே தனியாக தெரியும். கரைக்கு வந்ததுமே டேங்கை நிரப்பி வைப்பது நல்லது.

இன்னொன்று டேங்க் மூடி. டீசல் குறையக் குறைய காற்று உள்ளே போக மூடியில் சின்ன துவாரம் உண்டு. உப்பு அடைத்துக்கொண்டாலோ, அலைத்தண்ணீர் புகாமல் இருக்க மூடியின் மேல் பாலித்தீன் கவர் கட்டினாலோ, டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் வராது. அடுத்த தடவை நின்றதும் எதையும் தொடாமல் முதலில் மூடியை திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று இழுத்தால் விஷயம் முடிந்தது. செலவு, ஒரு ஊசி.

டக்கென்று நின்றால்

சில என்ஜின்களில் நிறுத்துவதற்கு கம்பிக்கு பதிலாக கரண்டில் வேலை செய்யும் சோலனாய்டு இருக்கிறது. கரண்ட் இருந்தால்தான் டீசலை விடும். ஒயர் ஒரு நொடி விலகினாலும் என்ஜின் அணைந்துவிடும். பாம்பன் பகுதி உப்புக்காற்று இரும்பை தின்னக்கூடியது. 2025-ம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரெயில் பாலத்தில் துருப்பிடிக்காத கம்பியும் தனி பெயிண்டும் போட்டதே இதற்காகத்தான். பாலத்துக்கே அந்த கதி என்றால், படகில் கிடக்கும் ஒயர் முனை எம்மாத்திரம்? பச்சை பூத்த முனைகளை சுரண்டி இறுக்க வேண்டும். என்ஜின் ஓடும்போது ஒயரை லேசாக ஆட்டிப்பார்த்தால் எங்கே விலகுகிறது என்று தெரிந்துவிடும்.

சூட்டினால் நிற்பதும் உண்டு. தண்ணீர் இழுக்கும் வாயில் பாசியோ பிளாஸ்டிக் கவரோ ஒட்டிக்கொண்டால் என்ஜின் கொதித்து நிற்கும். ஆறினால் ஓடும். வெளியே வரும் தண்ணீர் குறைந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். அடம்பிடித்து ஓட்டினால் என்ஜின் ஜாம் ஆகிவிடும்.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கும் இந்த நோய் புதிது அல்ல. பழைய அம்பாசிடர் கார் வெயிலில் நின்றால் டிரைவர் பெட்ரோல் பம்பு மேல் ஈரத்துணி போட்டதை பார்த்திருப்பீர்கள். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துவிடும், துணி அதை ஆற்றும். பழைய காரோ, பழைய ஸ்போர்ட்ஸ் காரோ, சூடானால் காயிலும் கண்டென்சரும் கூட இப்படி ஏமாற்றும். ஆறியதும் நல்ல பிள்ளையாகிவிடும்.

நோட்டு போடுங்கள்

பத்து ரூபாய் நோட்டு ஒன்று படகில் இருக்கட்டும். கிளம்பி எவ்வளவு நேரத்தில் நின்றது, டேங்கில் எவ்வளவு டீசல், அலை எப்படி, புகை என்ன நிறம், மறுபடி ஓட எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதுங்கள். நாலு தடவை எழுதினால் ஒரு ஒழுங்கு தெரியும். மெக்கானிக்குக்கு அதுதான் மருத்துவ சீட்டு.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. டேங்கை கழுவி, ஹோஸ் மாற்ற அதுதான் நேரம். நாட்டுப்படகுக்கு அந்த ஓய்வு கிடையாது என்பதால் அவர்களே ஒரு நாள் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

கடலுக்கு போகும்போது ஒரு ஹோஸ், நாலு கிளிப், செம்பு வாஷர், ஒரு பில்டர், சுத்தமான டீசல் கேன் ஒன்று கையில் இருக்க வேண்டும். முயற்சி செய்தும் ஓடவில்லை என்றால் இருட்டும்வரை காத்திருக்காதீர்கள். வி.எச்.எப். கருவி இருந்தால் 16-வது சேனலில் கூப்பிடலாம். இந்திய கடலோர காவல்படைக்கு 1554, கடலோர பாதுகாப்பு குழும போலீசுக்கு 1093 என்ற எண்ணில் பேசலாம். எல்லைப்பக்கம் இழுத்துப்போகும் முன்பே பேசிவிட வேண்டும்.