கைத்தறிப் பக்கம் சாய்ந்த தீர்ப்பு

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை போன்ற நெசவூர்களின் பிழைப்பைத் தொடும் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், குறிப்பிட்ட துணி வகைகளைக் கைத்தறிக்கே உரியவையாக்கி 1985இல் இயற்றப்பட்டபோது, விசைத்தறியாளர்கள் அதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு தரும் தொழில் உரிமை பறிபோகிறது என்பது அவர்களது வாதம்; அது எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் அப்பிரிவே பொதுநலன் கருதி நியாயமான கட்டுப்பாடுகளை, அதாவது நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டாத வரம்புகளை, அனுமதிக்கிறது. மேலும், சட்டம் செல்லும் என்ற அனுமானத்துடனேயே நீதிமன்றம் விசாரணையைத் தொடங்குவதால், செல்லாது என மெய்ப்பிக்கும் சுமை எதிர்ப்பவரையே சேர்கிறது. குடிசைத் தொழிலை வளர்க்க அரசு முயல வேண்டும் என்னும் 43ஆவது பிரிவும் கைத்தறிக்குத் துணை நின்றது. 1993இல் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பானது. ஒதுக்கப்பட்ட வகைகள் விசைத்தறியில் ஓடுகின்றனவா எனச் சோதிப்பதோ அமலாக்க அதிகாரிகளின் பொறுப்பு.