நடையே சாவி

பொற்கடிகாரம் என்றதும் நம் கண் பொன்னிலேயே நின்றுவிடுகிறது. பொன் வெறும் போர்வை; பெருமை உள்ளே ஓடும் பொறியைச் சேர்ந்தது. பொறியியல் பயிலும் மாணவன் என்ற முறையில், தானே சாவி ஏற்றிக்கொள்ளும் பழைய சட்டைப்பைக் கடிகாரத்தைப் பற்றித் தோழர்களுக்குச் சில சொல்ல விழைகிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் கடிகாரத்தைத் தனிச் சாவி கொண்டு முறுக்க வேண்டும். மறந்தால் நின்றுவிடும். மனிதன் நடக்கும் நடையையே சாவியாக்கினால் என்ன என்று சில கலைஞர்கள் எண்ணினர். அவர்களுள் தலைசிறந்தவர் ஆபிரகாம் லூயி பிரகே. 1747இல் சுவிட்சர்லாந்தின் நொஷாத்தெலில் பிறந்து, பாரிசில் தொழில் நடத்தியவர்.

கைக்கடிகாரம் கையோடு பல திசையிலும் அசையும். சட்டைப்பையில் நிமிர்ந்திருக்கும் கடிகாரமோ, நடக்கையில் பெரும்பாலும் மேலும் கீழுமே குலுங்கும். ஆகவே பிரகே, அசையும் தண்டு ஒன்றின் நுனியில் பிளாட்டின எடையைப் பொருத்தினார். ஏன் பிளாட்டினம்? ஒரு கன சென்டிமீட்டர் பொன் 19.3 கிராம், பிளாட்டினம் 21.4 கிராம். சிறிய இடத்தில் மிகுந்த பாரம்!

அப்பாரம் கீழே விழுந்து கிடந்தால் பயனில்லை அல்லவா? எனவே மெல்லிய வில் ஒன்று அதைத் தாங்கி நிற்கிறது. அடி எடுத்து வைக்குந்தோறும் எடை தாழ்ந்து எழும். அந்த அசைவைப் பல்சக்கரங்கள் வாங்கி, முதன்மை வில்சுருளைச் சிறிது சிறிதாக முறுக்கும். முறுக்கு நிறைந்ததும் நெம்புகோல் ஒன்று எடையைப் பூட்டிவிடும். அது இல்லையேல் நெடுநடையே பொறிக்குப் பகையாகும். ஏற்றும் வழி கண்டவன் அறிஞன். போதும் என்று நிறுத்தும் வழியும் கண்டவனே கலைஞன்.

இவ்வகையில் புகழ்பெற்றது பிரகேயின் 160ஆம் எண் கடிகாரம். பிரெஞ்சு அரசி மரீ அந்துவானெத்துக்காக 1783இல் கேட்கப்பட்டது. இயன்ற இடமெல்லாம் பொன்னே இருக்க வேண்டும் என்பது கட்டளை. ஆயினும் முதன்மை வில்லைப் பொன்னால் செய்ய இயலுமா? பொன் மென்மையானது, முறுக்கினால் மீளும் ஆற்றல் எஃகுக்கே உண்டு. எடைக்கோ பிளாட்டினம் வேண்டும். அரசிக்கான ஆணையும் உலோகத்தின் இயல்பை மாற்றவில்லை!

1793இல் அரசி கொலைக்களத்தில் மாண்டாள். 1823இல் பிரகேயும் மறைந்தார். யாருக்காகக் கேட்கப்பட்டதோ அவளும் இல்லை, தொடங்கியவரும் இல்லை. இருந்தும் பட்டறையில் வேலை நிற்கவில்லை. 1827இல், நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 823 உறுப்புகளுடன் அது முற்றுப்பெற்றது. அதன் முகப்பு தெளிந்த பளிங்கால் ஆனது. பொன்னைக் காட்டுவதினும் உள்ளே ஓடும் சக்கரங்களைக் காட்டுவதே அதன் நோக்கம் என எனக்குத் தோன்றுகிறது.

தோழர்களே! பட்டறை வகுப்பில் அரம் பிடிக்கும்போது, “அடிப்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?” என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. பாராட்டப் பரிசு தருவோர் எவரும் எஞ்சாத நிலையிலும் 160ஆம் எண்ணை முடித்த கைகளை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். செய்யும் பொருளுக்கு நாம் காட்டும் நேர்மையே தொழில்.