பஸ்மாசுரன் கையும் அக்கி மருந்தும்



அக்கி என்னும் நோயை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது வந்து நீங்கள் பார்த்திருக்கக்கூடும். உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டைபோல் சிவக்கும், கொத்துக்கொத்தாகக் கொப்புளங்கள் கிளம்பும், நெருப்பாய் எரியும். சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் நாகமலை புதுக்கோட்டையில் என் பெரியம்மாவுக்கு வலது நெற்றியில் அக்கி கண்டது. ஊர் வழக்கப்படி, மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுக்குப் போய், காவி குழைத்து ‘அக்கி எழுதி’க்கொண்டு வந்தார். எரிச்சல் சற்றுத் தணிந்தது. ஆறாம் நாள் கண் சிவந்து வீங்கவே, மதுரைக்கு அழைத்துச் சென்றேன்.

“கொப்புளம் வந்து எத்தனை நாளாச்சும்மா?” என்று கேட்டார் கண் மருத்துவர்.

“ஆறு நாளாச்சுங்க.”

“மூணு நாளைக்குள்ள வந்திருக்கக் கூடாதா?”

புண் ஆறிவிட்டது. ஆனால், அந்தக் கண்ணில் பார்வை மங்கியது மங்கியதுதான். அது என்ன மூன்று நாள் கணக்கு? தேடிப் படித்தேன். இயற்பியல் ஆசிரியனான எனக்கு அங்கே மின்சுமைப் பாடமே காத்திருந்தது!

பதுங்கியிருக்கும் பகைவன்

சிறு வயதில் சின்னம்மை வந்து போகிறதல்லவா? அம்மை இறங்கினாலும் அதன் வைரஸ் உடம்பைவிட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் உறங்குகிறது. முதுமையிலோ உடல் தளர்ந்தபோதோ விழித்து, ஒரே ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அதனால்தான் அக்கி ஒரு பக்கமாக மட்டும் பட்டையாகத் தோன்றுகிறது. வரும்போதே அந்த நரம்பையும் புண்ணாக்குகிறது.

கைனேஸ் செய்யும் வேலை

வைரஸ் பெருக வேண்டுமானால் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். டி.என்.ஏ. என்பது நால்வகை மணிகள் கோத்த மாலை. மணி ஒவ்வொன்றும் மூன்று பாஸ்பேட்டுகளைச் சுமந்துகொண்டு வந்தால்தான் மாலையில் சேரும். பாஸ்பேட்டை எடுத்து மணியில் ஏற்றிவிடும் நொதிக்குத்தான் ‘கைனேஸ்’ என்று பெயர். அந்தப் பாஸ்பேட் பெரும்பாலும் ஏ.டி.பி. என்னும் பொருளிலிருந்து கிடைக்கிறது. ஏ.டி.பி.யை 1929-இல் கண்டறிந்தவர்களுள், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவும் ஒருவர்.

பாஸ்பேட்டுக்கு எதிர்மின்சுமை உண்டு. செல்லைச் சூழ்ந்துள்ள சவ்வோ எண்ணெய்த் தன்மை உடையது. மின்சுமையுள்ள பொருளை எளிதில் விடாது. ஆகவே, பாஸ்பேட் இல்லாத மணி உள்ளே நுழையலாம். உள்ளே போய்ப் பாஸ்பேட் ஏறிவிட்டால் வெளியேற முடியாது. எலிப்பொறி மாதிரிதான்!

தன் தலையில் தன் கை

நம் செல்களில் தைமிடின் கைனேஸ் என்றொரு நொதி உண்டு. அது கண்டிப்பானது, தனக்குரிய மணியைத் தவிர வேறெதையும் ஏறக்குறைய ஏற்பதே இல்லை. அக்கி வைரஸும் தனக்கென ஒரு தைமிடின் கைனேஸை உண்டாக்கிக்கொள்கிறது. ஆனால், அது ஆளைச் சரியாகப் பார்க்காத வாயிற்காவலன். மணிபோல் தோன்றும் போலிக்கும் பாஸ்பேட் ஏற்றிவிடும்.

அந்தப் போலிதான் ‘ஏசைக்ளோவிர்’ என்னும் மருந்து. அமெரிக்காவில் கெர்ட்ரூட் எலியன் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் இது செயற்படும் விதத்தை 1977-இல் வெளியிட்டனர். எலியன் இளமையில் உயர்நிலைப் பள்ளியில் வேதியியலும் இயற்பியலும் கற்பித்தவர். முனைவர் பட்டம் முடிக்காமலேயே 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

வைரஸ் புகுந்த செல்லில், முதல் பாஸ்பேட்டை வைரஸின் கைனேஸே ஏற்றுகிறது. அடுத்த இரண்டையும் நம் செல்லின் நொதிகள் ஏற்றுகின்றன. போலி மணி மாலையில் சேர்கிறது. ஆனால், அடுத்த மணியைக் கோக்க அதில் கொக்கி இல்லை! மாலை அங்கேயே நின்றுவிடுகிறது. வைரஸ் இல்லாத செல்லில் முதல் பாஸ்பேட் ஏறுவதே அரிது. ஆதலால் அந்தச் செல்லுக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. பஸ்மாசுரன் தன் கையாலேயே தன் தலையைத் தொட்டுச் சாம்பலான கதைதான் இது.

மூன்று நாள் கணக்கு

இப்போது உங்களுக்கே விடை புரிந்திருக்கும். இம்மருந்து படியெடுப்பதைத்தான் நிறுத்தும். ஏற்கனவே புண்பட்ட நரம்பையோ கண்ணையோ திருப்பித் தராது. வைரஸ் மும்முரமாகப் பெருகும் முதல் நாட்களில் கொடுத்தால்தான் முழுப் பயன். உறங்கும் வைரஸ் தன் கைனேஸை உண்டாக்குவதில்லை. ஆகவே அதை இம்மருந்து தொடவும் முடியாது.

காவி பூசிய வேளாரை நான் குறை சொல்லவில்லை. அவர் குளிர்ச்சி தந்தார். வைரஸை நிறுத்துவது காவியால் ஆகாது. நாட்கணக்கு தெரியாமற்போனது என் குறை. உங்கள் வீட்டுப் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ அக்கி கண்டால், அதிலும் நெற்றியிலோ கண்ணருகிலோ கண்டால், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் இதைப் படித்தவர் நீங்கள்தானே!